பிள்ளையை எங்கே காட்டுவது?
இலங்கையில் போதைச் சிகிச்சையின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கொழும்பு நகரின் தென்கரையிலே வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை நீளும் காலி வீதியின் இரு மருங்கிலும், வடபால் துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும், கடந்த நாற்பது ஆண்டுகளாக ஒரு கேள்வி தாழ்ந்த குரலிற் கேட்கப்பட்டு வருகின்றது. “பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?” என்பதே அக்கேள்வி. காய்ச்சலுக்கோ எலும்பு முறிவுக்கோ இக்கேள்வி எழுவதில்லை. களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு வழி எல்லோருக்கும் தெரியும். ஆனால், வளர்ந்து ஆளான மகன் ‘தூளுக்கு’ அடிமையாகிவிட்டான் என்று அறிந்த அன்று தாயும் தகப்பனும் முதலிலே வீட்டுக் கதவைச் சாத்துகின்றனர். அதன் பின்னரே கேள்வியைக் கேட்கின்றனர். அதுவும் உறவினர் காதில் விழாதவாறு கேட்கின்றனர்.

இந்த வெட்கம் இயற்கையானதன்று. நோயாளியைக் குற்றவாளியாகவும் பாவியாகவும் காணும் பார்வை மனிதருடன் பிறந்ததுமன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. சட்டமும் வரியும் வியாபாரமும் யுத்தமும் சேர்ந்து அதனை உருவாக்கின. அந்த வரலாற்றை அறியாதவரை, மகனுக்கு மருந்து தேடும் பெற்றோர் தம்மையே நொந்துகொள்வர். அறிந்தாலோ, கேட்க வேண்டிய இடத்திற் கேள்வி கேட்கத் துணிவர். இதனாலேயே இவ்வரலாற்றை ஓரளவு விரிவாக நோக்குவது அவசியமாகின்றது.

அபின் கடையும் அரசாங்கமும்

போதைப்பொருள் என்றதும் இருளில் நடமாடும் கள்ளக்கடத்தற்காரனின் உருவமே நம் கண்முன் தோன்றுகின்றது. ஆனால் நவீன உலகின் முதற் பெரும் போதை வியாபாரி ஓர் அரசாங்கம் என்பதை மறந்துவிடலாகாது. கிழக்கிந்தியக் கம்பெனியும், அதன் பின் வந்த பிரித்தானிய இந்திய அரசும் பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபின் ஆலைகளை நடத்தின. அந்த அபினைச் சீனாவிலே தடையின்றி விற்பதற்காக 1839 முதல் 1842 வரை ஒரு யுத்தமும், 1856 முதல் 1860 வரை இன்னொரு யுத்தமும் நடத்தப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு கட்டத்தில் இந்திய அரசின் வருவாயில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு அபினிலிருந்தே கிடைத்தது. எதிர்ப்பு வலுத்தபோது 1893இல் ஓர் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. இரண்டாண்டுகள் விசாரித்தபின், அபினைத் தடைசெய்ய வேண்டியதில்லை என்று அது தீர்ப்பளித்தது. வருவாய் ஆணைக்குழுவையும் வென்றது.

இலங்கையிலும் நிலைமை வேறாயிருக்கவில்லை. இங்கு அபின் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளிற் பகிரங்கமாக விற்கப்பட்டது. மதுவிலக்கு இயக்கத்தினரும் சமயத் தாபனங்களும் தொடர்ந்து குரலெழுப்பியதன் பின்னரே ஆங்கில அரசு 1907இல் இது பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் விளைவாக 1910ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க அபின் கட்டளைச் சட்டம் பிறந்தது. கடைகள் மூடப்பட்டன, இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்கு வந்தன, ஏற்கெனவே பழக்கப்பட்டவர்களும் சுதேச வைத்தியர்களும் பதிவு செய்யப்பட்டு, அவர்களுக்கு மட்டும் அளந்து கொடுக்கப்பட்டது.

இந்தப் பதிவேடு சிந்திக்கத்தக்கது. அதிலே பெயர் எழுதப்பட்ட மனிதன் சிறைக்குச் செல்லவில்லை. அதேவேளை வைத்தியசாலைக்கும் அனுப்பப்படவில்லை. அவன் குற்றவாளியுமல்லன், நோயாளியுமல்லன். கணக்கேட்டில் ஒரு வரி. அவன் காலமாகும்போது பிரச்சினையும் காலமாகிவிடும் என்பதே அரசின் எதிர்பார்ப்பு. அவனைக் குணப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அக்காலச் சட்டத்தில் எங்கும் இடம்பெறவில்லை. 1912இல் ஹேக் நகரிற் சர்வதேச அபின் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டபின் உலகெங்கும் தடைச்சட்டங்கள் பெருகின. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டும் இன்றும் இத்துறையின் அடிப்படைச் சட்டமாக இருப்பது அதுவே.

அபின் வருமானத்தை அரசு அனுபவித்தது போலவே சாராய வருமானத்தை உள்நாட்டு முதலாளிகள் அனுபவித்தனர். இலங்கையின் முதலாளி வர்க்கம் திரட்டிய ஆரம்ப மூலதனத்திலே சாராயக் குத்தகைக்கு இருந்த பெரும் பங்கினைக் கலாநிதி குமாரி ஜயவர்த்தன தமது ஆராய்ச்சிகளிலே தெளிவாக நிறுவியுள்ளார். ஒரு பகுதியினர் குத்தகையால் மாளிகை கட்டினர். இன்னொரு பகுதியினர் 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்களுக்குத் தலைமை தாங்கினர். அவ்வியக்கத்தின் ஏகாதிபத்திய எதிர்ப்புத் தன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1915இல் அதன் தலைவர்கள் பலர் சிறையிலிடப்பட்டனர் என்பதே அதன் வலிமைக்குச் சான்று. எனினும் அதன் ஆயுதம் சத்தியப் பிரமாணமாகவே இருந்தது. குடிப்பதில்லை என்று கோயிலிலோ விகாரையிலோ சத்தியம் செய்தவன் அதை மீறினால், அவன் செல்வதற்கு ஒரு சிகிச்சை நிலையம் இருக்கவில்லை. மீறியவன் பாவியானான். மது ஒழிப்பு வளர்ந்த அளவுக்கு மதுவுக்கு அடிமையானவனைப் பற்றிய அறிவு வளரவில்லை.

கைவிடப்பட்ட ஒரு முன்னுதாரணம்

இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் தன் இளமைக் காலத்தில் வேறொரு வழியைக் காட்டியது. வெள்ளவத்தை நூல் நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்ற இளைஞர் குழுவே, 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா கொள்ளைநோய் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, சூரியமல் இயக்கத்தின் பேரால் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்றது. கொயினா மருந்தையும் உணவையும் அவர்கள் குடிசை குடிசையாகக் கொண்டு சென்றனர். நுளம்பு நோயைப் பரப்பியது உண்மைதான். ஆனால் மரணத்தை விளைவித்தது பசி என்பதை அவர்கள் கண்டனர். கண்டதை நாட்டுக்கு உரத்துச் சொன்னார்கள். நோயுற்றவனிடம் “நீ என்ன தவறு செய்தாய்?” என்று அவர்கள் கேட்கவில்லை. “உன் வீட்டில் அரிசி இருக்கிறதா?” என்றே கேட்டனர்.

சமுதாய நோயைச் சமுதாய நோயாகக் கண்ட இந்தப் பார்வை, போதைக்கு அடிமையானோர் விடயத்திலே பின்பற்றப்படவில்லை. போதைப் பழக்கம் முதலாளித்துவச் சீரழிவின் அடையாளம் என்று முற்போக்காளர் எழுதினர். அது தவறான கூற்றன்று. ஆனால் அரைகுறையான கூற்று. சீரழிவின் காரணத்தைச் சொல்லியவர்கள், சீரழிந்தவனின் கையைப் பிடித்து எங்கே அழைத்துச் செல்வது என்பதைச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை ஒருபுறம் பொலிஸும் மறுபுறம் போதனையும் நிரப்பின.

தூள் வந்த கதை

ஹெரோயின் முதன்முதலில் 1874இல் லண்டனில் ஓர் இரசாயன அறிஞரின் ஆய்வுகூடத்திற் பிறந்தது. 1898இல் ஜேர்மனியின் பேயர் கம்பெனி அதனை இருமல் மருந்தாக விற்பனைக்கு விட்டது. அபினிலிருந்து பிரிக்கப்பட்ட மோர்பீனைவிட இது தீங்கற்றது என்றே முதலில் விளம்பரம் செய்யப்பட்டது. நச்சு, மருந்தின் உடையணிந்து கடைக்கு வந்தது. அதற்கு இலாபம் வழிவிட்டது.

இலங்கையிலே ஹெரோயின் பரவத் தொடங்கியது 1980களின் முற்பகுதியிலாகும். அக்காலத்தை நோக்கினால் காரணங்கள் புலனாகும். 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. உல்லாசப் பிரயாணம் பெருந்தொழிலாயிற்று. கல்கிசை முதலாகத் தென்மேற்குக் கடற்கரை முழுவதும் விடுதிகள் எழுந்தன. அதே காலத்தில் ஆப்கானிஸ்தான் யுத்தகளமாகியது; ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ஈரான் எல்லைகளை உள்ளடக்கிய பிரதேசம் உலகின் பெரும் ஹெரோயின் ஊற்றாகியது. அங்கிருந்து கடல்மார்க்கமாக வந்த பொருள் முதலிலே கடற்கரை விடுதிகளிற் பிரயாணிகளின் கையிற் காணப்பட்டது; பின்னர் கொழும்பின் வடபகுதித் தோட்டங்களிலும் சேரிகளிலும் ஈயத்தாளிற் சூடாக்கிப் புகையாக இழுக்கப்படும் ‘தூளாக’க் குடியேறியது. கிராம் கணக்கில் வாங்கவியலாத ஏழைக்குச் சிறு பொட்டலமாக அது மலிவாக்கப்பட்டது.

சட்டம் விரைந்து செயற்பட்டது. 1984ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. 11ஆம் இலக்கச் சட்டம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை நிறுவியது; தடுப்பும் சிகிச்சையும் அதன் பணிகளாயின. 13ஆம் இலக்கச் சட்டமோ 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராம் ஹெரோயினை வைத்திருந்தாலே மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கலாம் என்றாக்கியது. ஒரே ஆண்டில் அரசின் ஒரு கை மருந்தை நீட்டியது. மறு கை தூக்குக் கயிற்றை நீட்டியது. எந்தக் கை நீளமானது என்பதை அடுத்த நாற்பது ஆண்டுகள் காட்டின. 1976இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் நால்வரைத் தூக்கிலிட அன்றைய ஜனாதிபதி முயன்றபோது உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஆயினும் தண்டனை பெற்றுச் சிறைசெல்வோரிற் பெரும் பங்கினர் போதைப்பொருட் குற்றங்களுக்காகவே சென்றனர். பெரும் வியாபாரி கடலுக்கு அப்பால் இருந்தான். பொட்டலக்காரன் மறியற்சாலைக்குள் இருந்தான். 2022இல் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெட்டமைன் ஐந்து கிராமுக்கும் மரணதண்டனை விரிக்கப்பட்டது, ஐஸ் குறைந்தபாடில்லை.

தமிழ்ப் பெற்றோரின் இரட்டைப் பயம்

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வரலாற்றில் இன்னொரு அத்தியாயம் உண்டு. தூள் நகருக்குள் வந்த அதே ஆண்டுகளில்தான் 1983 ஆடிக் கலவரமும் வந்தது. அதனைத் தொடர்ந்த யுத்தகாலத்திலே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் வடகிழக்கிலிருந்து வந்தோரின் தங்குமிடங்களாயின. பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறையிலிருந்த அந்நாட்களிலே தமிழ் இளைஞன் ஒருவன் வீட்டுக்குப் பிந்தி வந்தாலே தாய் நடுங்குவாள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் இரவோடிரவாக பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் தலையிட்டே அதைத் தடுத்தது. இத்தகைய சூழலில், மகன் தூள் பாவிக்கிறான் என்று எந்தத் தகப்பன் பொலிஸ் நிலையத்தின் படியேறுவான்? சிங்களத் தாய்க்கு இருந்தது ஒரு பயம். தமிழ்த் தாய்க்கு இருந்தது இரு பயம். போதைக்காகப் பிடிபடும் மகன் வேறெதற்காகவோ அடைக்கப்படுவானோ என்பதே அந்த இரண்டாவது பயம்.

இதனால் நோய் வீட்டுக்குள்ளேயே மறைக்கப்பட்டது. “வெளிநாட்டுக்கு அனுப்பினால் திருந்துவான்”, “கலியாணம் செய்து வைத்தால் திருந்துவான்” என்ற இரு வைத்தியங்களே பெரும்பாலான குடும்பங்களிற் கைக்கொள்ளப்பட்டன. முதலாவது வைத்தியம் காணியை ஈடுவைக்கச் செய்தது. இரண்டாவது வைத்தியமோ, ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தாதியாகவும் பலியாளாகவும் ஆக்கியது. யுத்தம் 2009இல் முடிந்தபின், கேரளக் கஞ்சாவும் ஹெரோயினும் பின்னர் ஐஸும் வடக்கின் கரைகளிலும் இறங்கியபோது, யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினர்.

திறந்திருந்த சில கதவுகள்

கதவே இருக்கவில்லை என்று கூறுவது அநீதி. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கமை, கண்டி, காலி, நிட்டம்புவை ஆகிய இடங்களிலே தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்தியது. 1974இல் தற்கொலைத் தடுப்புக்காகத் தோன்றிய சுமித்ரயோ அமைப்பு கொழும்பிலே ‘மெல் மெதுர’ என்னும் நிலையத்தை ஏற்படுத்தி, போதைக்கு அடிமையானோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இலவசமாக ஆலோசனை வழங்கியது. பௌத்த பிக்குகளும் கிறிஸ்தவ சபைகளும் இல்லங்களை நடத்தினர். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளும் இருந்தன. ஆனால், மனநலம் என்றாலே ‘அங்கொடை’ என்று பழித்த சமூகத்தில், மனநலப் பிரிவின் வாசலை மிதிப்பதே பெரும் துணிச்சலாயிற்று. அங்கொடை வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்ற பெயரைத் தாங்கி நிற்பினும், பழைய பெயர் வசைச்சொல்லாகவே நாவில் நிலைத்துவிட்டது.

சபையின் நிலையங்கள் அமைந்த நான்கு இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் ஒன்றேனும் வடக்கிலோ கிழக்கிலோ இருக்கவில்லை. காய்ச்சலுக்குக் குளிசை கொடுக்கும் வைத்தியருக்கும் நோயாளிக்கும் மொழி வேறாயிருந்தாலும் குளிசை வேலை செய்யும். போதைச் சிகிச்சையிலோ பேச்சே பாதி மருந்து. தன் வெட்கத்தையும் பயத்தையும் ஆசையையும் தாய்மொழியிற் சொல்லவியலாத இளைஞனுக்கு ஆலோசனை கூறுவது, காது கேளாதவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை ஒக்கும். மொழியுரிமை என்பது கந்தோர்க் கடிதங்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் மட்டும் உரியதன்று. அது உயிர்காக்கும் உரிமையுமாகும்.

கந்தகாடு

வளர்ந்த பிள்ளை விடயத்திற் பெற்றோர் எதிர்நோக்கும் தனித்த சங்கடம் ஒன்று உண்டு. பதினெட்டு வயது கடந்தவன் சட்டப்படி தன் முடிவுக்குத் தானே உரியவன். அவன் மறுத்தால் தகப்பன் கையொப்பமிட்டு அவனை வாட்டிற் சேர்க்கவியலாது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானோருக்கு இருவகைச் சிகிச்சையை வகுத்தது: ஒன்று தாமாக விரும்பிப் பெறுவது; மற்றையது நீதவானின் கட்டளைப்படி கட்டாயமாகப் பெறுவது. சிகிச்சை நிலையங்கள் உரிமம் பெறவேண்டும் என்றும் அது விதித்தது. நோக்கம் நன்று. ஆனால் கட்டாயச் சிகிச்சையின் வாசல் பொலிஸும் நீதிமன்றமும் ஆயிற்று. இதனால், வேறு வழி அறியாத பெற்றோர் தாமே சென்று மகனைப் பொலிஸிற் பிடித்துக் கொடுக்கும் நிலை உண்டாயிற்று. வைத்தியரிடம் கொண்டுசெல்ல முடியாத மகனை விலங்கிட்டாவது கொண்டுசெல்ல முயலும் தாயின் துயரை நாம் ஏளனம் செய்யலாகாது. அவளை அந்த நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டையே விசாரிக்க வேண்டும்.

அவ்வாறு அனுப்பப்பட்டோர் சென்ற இடங்களுட் பெயர்பெற்றது பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள கந்தகாடு. யுத்த முடிவில் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்துப் ‘புனர்வாழ்வு’ அளித்த முகாம்களுள் அதுவும் ஒன்று. பின்னர் அதே இடம், புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் கீழ், படையினரின் பராமரிப்பிலேயே, போதைக்கு அடிமையானோருக்கான நிலையமாயிற்று. போராளிக்கு உரியது என்று வகுக்கப்பட்ட முறையே நோயாளிக்கும் உரியது என்று கருதப்பட்டது. 2022 ஜூன் இறுதியில் அங்கிருந்த ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து கலகம் மூண்டது. நூற்றுக்கணக்கானோர் வேலிகளை உடைத்து வெளியேறினர். மரணம் தொடர்பாகப் படைத்தரப்பினர் சிலர் கைதாயினர். குணமடைய வந்தவர்கள் கூட்டமாகத் தப்பியோடும் இடம் ஆஸ்பத்திரியாகுமா?

அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானோரையும் முன்னாள் போராளிகளையும் ‘வன்முறைத் தீவிரவாதக் குழுக்க’ளையும் ஒரே பட்டியலிற் சேர்த்திருந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் அக்டோபரிற் கூறியதன் பின், திருத்தப்பட்டு 2023 ஜனவரியில் நிறைவேறியது. 2023 டிசம்பர் 17ஆம் திகதி ‘யுக்திய’ என்னும் பெயரிலே தேடுதல் நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000 பேருக்கு மேற்பட்டோர் கைதாயினர். ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் அதனை நிறுத்திவைக்குமாறு கோரினர். ‘யுக்திய’ என்னும் சிங்களச் சொல்லுக்கு நீதி என்பது பொருள். இருபத்தொன்பதாயிரம் பேரைப் பிடிக்கும் வல்லமையுள்ள ஓர் அரசு, அவர்களுள் நோயாளிகளாயிருந்தோருக்கு எத்தனை கட்டில்களை வைத்திருந்தது என்பதே நீதியைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி.

விஞ்ஞானம் சொல்வது

பெற்றோர் அறியவேண்டிய மருத்துவ உண்மைகள் சில உண்டு. ஹெரோயினை நிறுத்தியவனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் உடல் நோவும் வாந்தியும் வயிற்றோட்டமும் தூக்கமின்மையும் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடையும். ஒரு வாரமளவிற் பெரும்பாலும் தணியும். ஆனால் தணிந்ததும் குணமாகிவிட்டான் என்று எண்ணுவது பெருந்தவறு. உடல் பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். மீண்டும் பழைய அளவை இழுத்தால் மூச்சு நின்று இறக்கக்கூடும். எனவே சிறையிலிருந்தோ முகாமிலிருந்தோ வெளிவரும் முதல் வாரங்களே மிக ஆபத்தானவை. நாட்பட்ட குடியை வீட்டில் திடீரென நிறுத்துவிப்பதோ இன்னும் ஆபத்தானது. வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிர்போகலாம். அதற்கு வைத்தியசாலையே தகுந்த இடம். ஐஸ் பாவிப்போனுக்கு வரும் சந்தேகப் பைத்தியமும் மருந்தாற் கட்டுப்படுத்தத்தக்க நோயே. பேயோட்டுவதனால் அது தீராது.

மீண்டும் விழுதல் என்பது துரோகமன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் போல, கட்டுப்பட்டும் மீண்டும் தலைதூக்கியும் செல்லும் நீண்டகால நோயாகவே இன்றைய மருத்துவம் இதனைக் கருதுகின்றது. 1960களின் நடுவில் நியூயோர்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இரு வைத்தியர்கள், ஹெரோயின் அடிமைகளுக்கு மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து, அவர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பலாம் எனக் காட்டினர். 2005இல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தையும் புப்ரனோர்பீனையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இலங்கையின் சிகிச்சை முறையோ நீண்டகாலம் இவற்றை ஏற்காதிருந்தது. 1910இல் அபினை அளந்து கொடுத்த கச்சேரிக்கு இருந்த துணிவு, பின்வந்த சுகாதாரத் துறைக்கு இருக்கவில்லை! அன்று அளந்ததன் நோக்கம் நிர்வாகம். இன்று அளக்கவேண்டியதன் நோக்கம் குணப்படுத்தல்.

சூழலின் வலிமையை விளக்க வியட்நாமிலிருந்து ஒரு சான்று போதும். அந்த அநீதியான யுத்தத்திற்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐவரிலொருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தனர். அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த லீ ரொபின்ஸ் என்னும் ஆய்வாளர், ஊர் திரும்பிய முதலாண்டில் அவர்களுட் சிறு பகுதியினரே, ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர், மீண்டும் அடிமைகளாயினர் எனக் கண்டார். பயமும் வெறுமையும் கைக்கெட்டிய தூளும் ஒன்றாயிருந்த உலகத்தை விட்டு, வேலையும் உறவும் உள்ள உலகத்துக்கு வந்ததே அவர்களின் பெரும் மருந்து. ஆனால் கொட்டாஞ்சேனை இளைஞன் மூன்று மாதச் சிகிச்சையின் பின் திரும்பி வருவது அதே ஒழுங்கைக்கு, அதே வேலையின்மைக்கு, அதே பொட்டலக்காரனிடத்துக்கு. அவன் விழுந்தால் அவனது மனத்திடத்தை மட்டும் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

பெற்றோர் என்ன செய்யவியலும் என்பதையும் ஆய்வுகள் கூறுகின்றன. சிகிச்சைக்கு மறுத்த குடிகாரரின் குடும்பத்தினர் 130 பேரை மூன்று குழுக்களாக்கி அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்று உண்டு. திடீரென எல்லோரும் கூடி நின்று கண்டிக்கும் முறை நூற்றுக்கு 30 பேரையே சிகிச்சைக்குக் கொண்டுவந்தது. குடும்பம் தன் மனநிம்மதியை மட்டும் பேணி ஒதுங்கும் முறையால் வந்தோர் 13 பேர். தெளிவாயிருக்கும் வேளையில் அன்பாகப் பேசுதல், நல்ல மாற்றத்தை உடனே பாராட்டுதல், பழக்கத்தின் விளைவுகளை மூடிமறைக்காதிருத்தல், அவன் இணங்கும் கணத்தில் உடனே அழைத்துச்செல்லச் சிகிச்சையை முன்கூட்டியே ஒழுங்குசெய்திருத்தல் ஆகியவற்றைக் குடும்பத்துக்குக் கற்பித்த முறையாலோ 64 பேர் வந்தனர். இது குடியைப் பற்றிய ஆய்வாயினும் இதன் படிப்பினை பெரிது. அடியும் அழுகையும் சத்தியமும் செய்யாததை, பயிற்றப்பட்ட பொறுமை செய்கின்றது. பொறுமை பிறவிக்குணமன்று, கற்றுக்கொடுக்கத்தக்கது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மதுவுக்குக் கணவரைப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையிலே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி, அவன் தாய்க்கும் மனைவிக்கும் தனியான சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்டது. தமிழிலே பேசி, தமிழ்க் குடும்பத்தின் அமைப்பை அறிந்து நடத்தப்பட்ட சிகிச்சை அது. தன் துயரைப் பொதுவுடைமையாக்கிய ஒரு பெண்ணின் முயற்சி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழிகாட்டியது. ஆயினும் இத்தகைய பணி தனியொருவரின் துயரத்தையும் தருமத்தையும் நம்பியிருக்கவேண்டுமா என்பதும் நம் கேள்வியே.

செய்யத்தக்கது யாது?

நூறாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், அடிமையானவன் முதலில் அரசின் வாடிக்கையாளனாகவும், பின்னர் பதிவேட்டின் பெயராகவும், அதன்பின் குற்றவாளியாகவும், ஈற்றிற் படைமுகாமின் கைதியாகவும் இருந்து வந்தமை தெரியும். நோயாளியாக அவன் நடத்தப்பட்ட இடங்கள் சிலவே. அவையும் பெரும்பாலும் அவனது மொழி பேசாதவை.

ஆகவே கோரிக்கைகளும் இவ்வரலாற்றிலிருந்தே எழுகின்றன. ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் போதைச் சிகிச்சைக்கெனக் கட்டில்களும் பயிற்சி பெற்ற தாதியரும் வேண்டும். அச்சிகிச்சை நோயாளியின் மொழியிலே கிடைக்கவேண்டும். படையினர் நடத்தும் நிலையங்கள் சுகாதார அமைச்சின் வைத்தியர்களிடம் ஒப்படைக்கப்படவேண்டும். உலகம் ஏற்ற மருந்துகள் இங்கும் ஏழைக்கு எட்டவேண்டும். சிகிச்சை முடித்தவனுக்கு வேலை வேண்டும். வேலையற்ற குணம் நிலைக்காது. தன் பாவனைக்காக வைத்திருந்தவனை வியாபாரியிடமிருந்து சட்டம் பிரித்துக் காணவேண்டும்.

இவை நாளையே கிடைத்துவிடமாட்டா. அதுவரை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பணி காத்திருக்கின்றது. வகுப்பை விட்டு மெல்ல மெல்ல மறையும் மாணவனை முதலிற் காண்பவர் ஆசிரியரே. அவன் பெயரை இடாப்பிலிருந்து வெட்டுவதற்கு முன் அவன் வீட்டுப் படலையைத் திறந்து செல்லுதல் அவர் கடன். மூத்த மாணவர்கள் தம் பகுதியில் எந்த வைத்தியசாலையில், எந்த நாளில், எந்த மொழியில் மனநல வைத்தியரைச் சந்திக்கலாம் என்பதை எழுதிவைத்து, நூல்நிலையங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டலாம். மகன் விழுந்ததை மறைத்து வாழும் பெற்றோர் நான்கைந்து பேரை வாரத்துக்கொருமுறை ஓரிடத்திற் கூடிப் பேசச் செய்யலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 1934இல் கொயினாப் பையைச் சுமந்து கேகாலைக் குன்றுகளில் ஏறிய இளைஞரிடமும் பெரும் பணம் இருக்கவில்லை.

கல்கிசையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தாய் “பிள்ளையை எங்கே காட்டுவது?” என்று அடுத்த முறை கேட்கும்போது, அக்கேள்வி ஒரு வீட்டின் இரகசியமாக இருத்தலாகாது. அது ஊரின் கேள்வியாகவேண்டும். ஊர் கேட்கத் தொடங்கினாற்றான் அரசு பதில் சொல்லக் கடமைப்படும்.